விலை சொல்லும் முன் பிடியைக் கழற்றும் கடை

டோக்கியோவில் கந்தா பக்கம் ஒரு ஒடுக்கமான கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது இந்தக் கடை. லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து, கதவில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு மட்டும்தான். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தனியாக நடத்துகிறார், தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கூட்டம் வந்தால் தன்னால் சமாளிக்க முடியாது, பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். பெயர் தெரியாத கடைக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். எனக்கு அங்கே நடந்ததைப் படித்தால் ஜப்பானில் வேறு எந்த வாள் கடைக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பது பிடிபடும், அதற்காகத்தான்.

நான் தேடிக்கொண்டிருந்தது குன்தோ. ஜப்பானிய ராணுவ அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட வாள். மூன்று வருஷம் தேடினேன். ஒவ்வொரு கடையிலும் முதலில் காட்டுவது உறையையும் பிடியையும்தான்: செர்ரிப் பூ பொறித்த கைக்காப்பு, பழுப்பு நாடா சுற்றிய பிடி, கீழே வெள்ளைத் திருக்கை மீன் தோல், எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் உறையிலிருந்து பாதி வாளை உருவிக் காட்டுவார்கள், விலை சொல்வார்கள். இந்தக் கடைக்காரர் அப்படிச் செய்யவில்லை. நான் ஒரு வாளைக் கைகாட்டியதும் மேசையில் துணியை விரித்து, சின்னப் பித்தளைச் சுத்தியல் ஒன்றை எடுத்து, பிடியில் இருக்கும் மூங்கில் ஆணியைத் தட்டி வெளியே எடுத்தார், இடது கையால் பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த மணிக்கட்டில் வலது முஷ்டியால் இரண்டு தட்டு தட்டினார், அலகு தளர்ந்து வந்துவிட்டது. பிடி தனி, கைக்காப்பு தனி, அலகு தனி. "இப்போது பாருங்கள், பார்த்து முடித்த பிறகு விலை பேசலாம்" என்றார். அந்த ஒரு காரியத்துக்காகவே நான் இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், மற்ற குறைகளைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் அது அவ்வளவு முக்கியம் என்றால், ராணுவ வாளில் வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஒரே மாதிரி உறையும் பிடியும் போட்ட பத்து வாள்களை வரிசையாக வைத்தால், ஒன்றின் உள்ளே 400 வருஷப் பழைய குடும்ப வாளின் அலகு இருக்கலாம், அடுத்ததில் 1940களில் பழைய முறைப்படி அடித்த அலகு இருக்கலாம், மற்ற எட்டில் தொழிற்சாலை எஃகை எண்ணெயில் தோய்த்து எடுத்த அலகு இருக்கலாம். போருக்குப் போன அதிகாரி தன் வாளைத் தானே வாங்க வேண்டியிருந்தது, வீட்டில் பரம்பரை வாள் இருந்தவர் அதற்கு ராணுவ உறையும் பிடியும் போட்டுக்கொண்டு போனார், இல்லாதவர் கடையில் புதிதாக வாங்கினார். எது எங்கே இருக்கிறது என்று சொல்வது பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதி ஒன்றுதான். அதை நகாகோ என்பார்கள்.

இங்கே ஜப்பானியச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கடையில் ஏன் சில வாள்கள் இருக்கின்றன, சில இல்லவே இல்லை என்பது புரியாது. 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வாள் எதுவானாலும் தோரோகுஷோ என்ற பதிவுச் சான்றிதழ் இருந்தாக வேண்டும். கொடுப்பது போலீஸ் இல்லை, மாகாணக் கல்வி வாரியம், ஏனென்றால் வாளைக் கலைப்பொருளாகத்தான் பதிகிறார்கள். சான்றிதழ் வாளுக்குத்தான், ஆளுக்கு உரிமம் எதுவும் கிடையாது. வாள் கைமாறினால் காகிதமும் கூடவே போகும், புதிதாக வாங்கியவர் 20 நாளுக்குள் அந்தச் சான்றிதழைக் கொடுத்த வாரியத்துக்குத் தன் பெயரைத் தெரிவிக்க வேண்டும். 1945 சரணடைதலுக்குப் பிறகு நேச நாட்டுப் படைகள் வாள்களை ஆயுதம் என்று அள்ளிக்கொண்டு போனபோது, ஹொன்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் அமெரிக்க அதிகாரி கேட்வெல்லைச் சந்தித்து, கலை மதிப்புள்ள வாள்களைத் தனியே பிரிக்கச் சொல்லிப் போராடி, அதில் ஓரளவு ஜெயித்தார்கள். அப்போது டோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவிந்து கிடந்தவற்றை இன்றும் அகாபானே வாள்கள் என்றே சொல்கிறார்கள். 1948இல் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது, 1950இல் பதிவு முறை வந்தது. கலை என்றால் வாழலாம், வெறும் ஆயுதம் என்றால் அழிக்க வேண்டும், அந்தக் கோடு இன்றும் அப்படியே இருக்கிறது.

அதனால் தொழிற்சாலையில் செய்த ஷோவாதோ அலகுகளுக்கு இங்கே பதிவு கிடைப்பதில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சேகரிப்பாளர்கள் சாதாரணமாக வாங்கி விற்கும் 95ஆம் வகை என்ற சார்ஜென்ட் நிலை வாளை ஜப்பானில் வீட்டில் வைத்திருக்கவே முடியாது. தாத்தாவின் அலமாரியில் ஒன்று கிடைத்தால் போலீஸில் கண்டெடுத்ததாக அறிக்கை கொடுத்து, கல்வி வாரியத்தின் பரிசோதனைக்கு எடுத்துப்போக வேண்டும், தேறாவிட்டால் வாளை விட்டுவிட்டு வெறுங்கையோடு வர வேண்டியதுதான். எனவே டோக்கியோ கடையில் உங்கள் கண்ணில் படும் ராணுவ வாள் இரண்டு விதம்தான். ஒன்று, பதிவு பெற்ற அலகுள்ளது. இன்னொன்று, உள்ளே மரத்தால் செய்த, ட்சுனாகி என்ற பொய் அலகைச் செருகி, உறை பிடி கைக்காப்பை மட்டும் விற்பது. இந்தக் கடையில் இரண்டும் இருக்கின்றன, எது எது என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். ஒட்டாத கடைகளையும் பார்த்திருக்கிறேன்.

வெளிப்புறத்தைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் படித்தால் யாருக்கும் வந்துவிடும். வகை எண்கள் ஜப்பானிய அரச ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், நம் கணக்கில் 1940 அவர்களுக்கு 2600. ஆக 94ஆம் வகை 1934, 95 என்றால் 1935, 97 என்றால் 1937, 98 என்றால் 1938. அதற்கு முன்னால் மெய்ஜி காலத்திலிருந்து இருந்தது கியூகுன்தோ, கையை வளைத்து மூடும் காப்போடு ஐரோப்பியக் குதிரைப்படை வாள் மாதிரி இருக்கும். 94இல்தான் பழைய காமாகுரா கால வாளின் தோற்றத்துக்குத் திரும்பினார்கள். 94க்கு உறையில் இரண்டு தொங்கு வளையம், ஒன்றைக் கழற்றலாம். 98க்கு ஒன்றுதான். 97 கடற்படைக்கு, கறுப்பு உறை, கைக்காப்பில் சூரியக் கதிர்கள். 95 அதிகாரிகளுக்குக் கீழே இருந்த சார்ஜென்ட் நிலை ஆட்களுக்கு அரசே கொடுத்தது. அதன் பிடி வார்த்த உலோகம், நாடா சுற்றினாற்போல் அச்சிலேயே வடித்து வண்ணம் பூசியிருப்பார்கள், அலகில் வரிசை எண் வெட்டியிருக்கும், அதே எண் உறையின் வாயிலும் இருக்க வேண்டும். இன்று வெளிநாட்டுச் சந்தைகளில் போலிகள் அதிகம் வருவது இந்த 95இல்தான்.

இனி நகாகோ. என் வாளைக் கழற்றியதும் அவர் முதலில் சொன்னது தொடாதீர்கள் என்பதுதான். அந்த வால் பகுதியில் இருக்கும் துருதான் அதன் வயது. பழைய அலகில் அது கருமை கலந்த கரும்பழுப்பாக, வழுவழுவென்று இரும்போடு ஒட்டிப்போய் இருக்கும், 1940களின் அலகில் இன்னும் கொஞ்சம் வெளிர்ந்து, அரத்தால் ராவிய கோடுகள் தெளிவாகத் தெரியும். யாராவது ஆர்வத்தில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அன்றோடு அந்த வாளின் சரித்திரம் போச்சு, விலையும் பாதியாகிவிடும். செம்மஞ்சளாகப் பொடி உதிரும் துரு இருந்தால் சமீபத்தில் ரசாயனம் போட்டு ஏற்றிய துரு என்று சந்தேகப்பட வேண்டும். இதையெல்லாம் அவர் இரண்டு நகாகோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இதைப் படித்தால் தெரியாது, பார்த்தால்தான் தெரியும், ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

அப்புறம் முத்திரைகள். செகி என்ற ஊர் கிஃபு மாகாணத்தில் இருக்கிறது, போர்க்கால வாள்களில் பெரும் பகுதி அங்கேதான் வந்தது. அங்கிருந்து வந்த அலகுகளின் நகாகோவில் ஷோவா என்ற அரசர் காலப் பெயரின் 'ஷோ' எழுத்தோ, 'செகி' எழுத்தோ சின்னதாகக் குத்தியிருந்தால் அது பொதுவாகத் தொழிற்சாலை எஃகு, எண்ணெய்த் தோய்ச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நங்கூரம் இருந்தால் கடற்படை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் கதை வேறு. ராணுவம் சில கொல்லர்களைத் தன் பட்டியலில் சேர்த்து, தமாஹகானே என்ற பாரம்பரிய எஃகைக் கொடுத்து, பழைய முறைப்படி மடித்து அடிக்கச் சொன்னது. அப்படி அடித்த அலகில் நட்சத்திரம். இவற்றை கெந்தாய்தோ என்பார்கள், போர்க்கால அலகுகளில் இன்றைய பதிவில் இடம் பெறுபவை இவைதான். யாசுகுனி ஆலய வளாகத்திலேயே 1933 முதல் 1945 வரை ஒரு பட்டறை இயங்கியது, அங்கேயும் இதே பாரம்பரிய முறைதான், 8,000க்கும் மேற்பட்ட வாள்கள் அடித்தார்கள். அந்தக் கொல்லர்களின் பெயர்களில் 'யாசு' என்ற எழுத்து வரும், ஆலயத்தின் பெயரிலிருந்து எடுத்தது.

கையெழுத்துக்குப் பின்புறம் தேதி இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்றே இருக்கும். அது நிஜமாகவே அந்த மாதத்தில் அடித்தது என்று அர்த்தமில்லை, கொல்லர்களின் பழைய மரபு. என் வாளில் ஷோவா 19, இரண்டாம் மாதம். அதாவது 1944. நட்சத்திரம் ஆணித் துளைக்கு மேலே, லேசாகச் சாய்ந்து குத்தியிருக்கிறது.

முத்திரை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன், அவர் விடவில்லை. முத்திரையை யாரும் குத்தலாம், இரும்பைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பழைய மஞ்சள் குண்டு பல்பைப் போட்டார். அலகை அந்த வெளிச்சத்துக்கு எதிரே நீட்டி மெல்லச் சாய்க்க வேண்டும், பல்பின் பிம்பம் அலகில் ஓடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும். காய்ச்சிய அலகைத் தண்ணீரில் முக்கும்போது விளிம்பு மட்டும் வேகமாகக் குளிர்ந்து இறுகுகிறது, முதுகுப் பக்கம் களிமண் தடவியிருப்பதால் மெல்லக் குளிர்ந்து மென்மையாகவே இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹாமோன் என்ற வெண்மையான அலைக்கோடு. தண்ணீர்த் தோய்ச்சலில் அந்தக் கோட்டின் ஓரத்தில் நியே என்ற நுண்ணிய படிகங்கள் தெரியும், ராத்திரி வானத்தில் சிதறிய நட்சத்திரத் தூள் மாதிரி. அதைவிட நுண்மையானது நியோய், பனி மூட்டம் மாதிரி. எண்ணெயில் தோய்த்த அலகில் குளிர்ச்சி மெதுவானது, அதனால் படிகங்கள் கண்ணில் படுவது அரிது, கோடு அழுத்தமாக, வெறுமையாக இருக்கும், அலையின் உச்சிகளில் கருமையான நிழல் தங்கும். அமிலம் தடவிப் பொய்யாக வரைந்த ஹாமோன் இன்னும் மோசம், எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஒரே வெள்ளையாக நிற்கும்.

ஷோவாதோ அலகைக் கடையில் வைக்க முடியாதே, பிறகு எப்படி ஒப்பிட்டார் என்றால், தடிமனான ஓர் ஆல்பம் வைத்திருக்கிறார். ஓஷிகாதா என்று சொல்லும் நகல்கள், மெல்லிய காகிதத்தை நகாகோ மேல் வைத்து மையால் தேய்த்து எடுத்தவை, அவற்றோடு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பிய நெருக்கமான படங்கள். மந்தெட்சு வாளின் நகல்கள் தனியாக ஒரு பகுதி. தென் மஞ்சூரிய ரயில்வே கம்பெனி அடித்த வாள் அது, கோவா இஷ்ஷின் என்ற வாசகமும், அறுபது வருஷச் சுழற்சியின் ஆண்டுப் பெயரும் 'வசந்தம்' என்ற சொல்லும் வெட்டியிருக்கும். கானோயே-தட்சு என்று இருந்தால் 1940. தண்டவாளத்தை உருக்கிச் செய்தது என்று எல்லோரும் சொல்லும் கதை தவறு, மஞ்சூரியாவின் இரும்புத் தாதுவிலிருந்து எடுத்த எஃகு அது, வெளியே கடினமான உருளை, உள்ளே மென்மையான எஃகு என்று இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். அந்த ஆல்பத்தைப் புரட்டியே ஒன்றரை மணி நேரம் போயிற்று. அவர் ஒருமுறைகூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், அதனால்தான் இந்தக் கடைக்கே வந்தேன். இலையுதிர் காலத்தில் நடந்த ஒரு வாள் விற்பனையில் ஒரு வியாபாரியிடம் 98ஆம் வகை உறையில் ஒரு வாள் பார்த்தேன், சாமுராய்க் குடும்பத்து வாள் என்று சொன்னார், 4 லட்சத்து 50 ஆயிரம் யென். முதல் நாள் பிடியைக் கழற்ற மறுத்தார், நாடா பழையது, கெட்டுப்போகும் என்று காரணம். இரண்டாம் நாள் விடாமல் கேட்ட பிறகு கழற்றினார். நகாகோவில் இரண்டெழுத்துக் கையெழுத்து, இரண்டு துளை. எனக்கு ஒரே பூரிப்பு, படம் எடுத்துக்கொண்டேன், சான்றிதழையும் படம் எடுத்துக்கொண்டேன், மறுநாள் பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நண்பர் ஒருவர் சொல்லித்தான் அந்தப் படங்களை இந்தக் கடைக்காரருக்குக் காட்டினேன். அவர் வாளின் படத்தைக்கூடப் பெரிதாகப் பார்க்கவில்லை, சான்றிதழில் விரலை வைத்தார். தோரோகுஷோவில் வகை, நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் எழுதியிருக்கும். இதில் துளை ஒன்று, கையெழுத்து இல்லை என்று இருந்தது. வேறு ஒரு வாளின் காகிதம். பதிவில்லாத அலகோடு வேறு காகிதத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள், தெரிந்தோ தெரியாமலோ. வாங்கியிருந்தால் 20 நாளில் பெயர் மாற்றத்துக்கு எழுதும்போது சிக்கல் வந்திருக்கும், வாரியம் வாளை நேரில் கொண்டுவரச் சொல்லும், அதன் பிறகு வாளும் போகும், விளக்கமும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் திரும்பிப் போய்க் கேட்டபோது அந்த வியாபாரி வாளை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார், பதில் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கடைக்காரர் அந்த ஆலோசனைக்கு என்னிடம் ஒரு யென்கூட வாங்கவில்லை, தன் கடையில் ஒன்று வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. நான்காம் மாதம் நானாகத்தான் போனேன்.

வாங்கியதைப் பற்றி. 98ஆம் வகை உறை பிடி, உள்ளே மேலே சொன்ன நட்சத்திர அலகு, நீளம் 66.8 செ.மீ., வளைவு 1.6 செ.மீ., ஒரு துளை. மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம் யென். பில்லை அவர் எழுதிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: அலகு 2 லட்சத்து 60 ஆயிரம், உறை பிடி சாமான்கள் 1 லட்சத்து 20 ஆயிரம் என்று இரண்டு வரி. இந்த இரண்டையும் பிரித்து எழுதச் சொன்னால் பல கடைகளில் முகம் மாறும். பிரித்தால்தானே எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும், சாதாரண அலகை அழகான உறையின் விலையில் ஏற்றிவிடுவதும், நல்ல அலகு என்ற பெயரில் சேர்த்துக் கட்டிய உறையைத் தள்ளிவிடுவதும் அதோடு நின்றுவிடும். சாமான்கள் ஒன்றுக்கொன்று சொந்தமானவை என்பதை எப்படிப் பார்ப்பது என்பதையும் காட்டினார். கைக்காப்புக்கு இரண்டு பக்கமும் செப்பா என்ற மெல்லிய வளையத் தகடுகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றிலும் தொழிற்சாலையில் ஒரு எண் குத்தியிருப்பார்கள். எல்லாத் தகடுகளிலும் கைக்காப்பிலும் ஒரே எண் இருந்தால் அன்று பூட்டியது இன்றுவரை பிரியவில்லை. என்னுடையதில் ஆறு துண்டிலும் 37. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது, 80 வருஷம் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

பிடியின் முனைத் தொப்பியில் வெள்ளியில் ஒரு குடும்பச் சின்னம் பதித்திருக்கிறது. மூன்று ஓக் இலை. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தச் சின்னம் உண்டு, அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒருவர் தன் வீட்டுச் சின்னத்தைப் பதித்து இடுப்பில் கட்டிக்கொண்டு போரில் நின்றிருக்கிறார், அந்தப் போரில் இதே மாதிரி வாள்களால் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். நான் இதைச் சுவரில் மாட்டி வைக்கவில்லை. பெட்டியில் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து எண்ணெய் மாற்றுகிறேன்.

இனிக் குறைகள், இவற்றையும் மறைக்க விரும்பவில்லை. முதலாவது குஞ்சம். அதிகாரியின் நிலையைக் காட்டும் துணிக் குஞ்சம் பிடியில் தொங்கும்: தளபதிகளுக்குத் தங்கமும் சிவப்பும், மேஜர் கர்னல் நிலைக்குப் பழுப்பும் சிவப்பும், லெப்டினன்ட் கேப்டன் நிலைக்குப் பழுப்பும் நீலமும். நான் வாங்கிய வாளில் சிவப்புக் குஞ்சம் கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பிடியின் வளையத்தில் பழைய நூல் இழைகள் சிக்கியிருந்தன, நீலம். யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள், சிவப்பு நன்றாக விலை போகும் என்பதால். தொலைபேசியில் கேட்டேன். கவனிக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார், இரண்டு மாதம் கழித்துப் பழைய நீலக் குஞ்சம் ஒன்று அனுப்பி, சிவப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவர் இதை விட்டிருக்கக் கூடாது என்பது என் வருத்தம். இரண்டாவது, உறையின் வாய்க்குக் கீழே வண்ணப்பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்து, பிசின் வைத்து அடைத்திருந்தது, அதைச் சொல்லவில்லை. இதற்கு 15 ஆயிரம் யென் திரும்பக் கொடுத்தார், ஆனால் முன்பே சொல்லியிருந்தால் நான் அந்த விலைக்கே வாங்கியிருப்பேன், அதுதான் ஏமாற்றம். மூன்றாவது சாதாரண விஷயங்கள்: கார்டு எடுக்க மாட்டார், ரொக்கம்தான். ஆங்கிலம் பேச மாட்டார், ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரோடு போவது நல்லது. கடைக்குள் படம் எடுக்கக் கூடாது, தான் எடுத்த படங்களைத்தான் கொடுப்பார்.

மெருகேற்றுவதைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு முதலில் உடன்பாடு இல்லை, இப்போது இருக்கிறது. அலகில் முதுகுப் பக்கம் இரண்டு மூன்று இடத்தில் சின்னத் துருப் புள்ளிகள். தேர்ந்த மெருகாளரிடம் கொடுத்தால் சுன் ஒன்றுக்கு 12 ஆயிரம் யென் ஆகும் என்றார். சுன் என்றால் 3.03 செ.மீ., என் வாள் 22 சுன், ஆக 2 லட்சத்து 64 ஆயிரம். அலகின் விலையைவிட அதிகம். செய்துதான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும். வேண்டாம் என்றார். ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் இரும்பைத் தின்றுவிடும், போர்க்கால மெருகு இன்னும் அலகில் இருக்கிறது, அதுவும் சரித்திரம்தான், எண்ணெய் போட்டுப் பாருங்கள், புள்ளிகள் பரவினால் வாருங்கள் என்றார். பரவவில்லை. உச்சிகோ என்ற வெண்பொடியைத் தட்டித் துடைக்கும் பழக்கத்தையும் குறைக்கச் சொன்னார், அடிக்கடி தட்டினால் மெல்லிய கீறல் விழும், மெல்லிய காகிதத்தால் பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதிதாகக் கிராம்பு எண்ணெய் ஒரு படலம் போட்டால் போதும். அதிகம் ஊற்றினால் எண்ணெய் பிடிக்குள் இறங்கி மரத்தை ஊற வைக்கும்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு சேவையும் வைத்திருக்கிறார். அலகின் படங்கள், நகாகோ இரண்டு பக்கமும், முனை, ஹாமோன் சாய்ந்த வெளிச்சத்தில், செப்பா எண்கள், இவற்றை அனுப்பினால் 5 ஆயிரம் யென்னுக்கு எழுத்தில் கருத்துச் சொல்வார். கையெழுத்து உண்மையா என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டார், அதற்கு வாளை நேரில் பார்க்க வேண்டும் என்பார், எனக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது. என் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து 95ஆம் வகை ஒன்றின் படத்தை அனுப்பினார். பதில் மூன்று வரி: அலகின் ஓரப் பள்ளம் முனையில் முடியும் வடிவம் தவறு, வரிசை எண்ணின் எழுத்துரு தவறு, பிடியின் அச்சு மழுங்கல், வாங்க வேண்டாம். ஐந்து நாளில் வந்தது.

ஜப்பானை விட்டுப் போகும்போது வாளை எடுத்துப் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கலாச்சார விவகார முகமையிடம் ஏற்றுமதிக்கான சான்று வாங்க வேண்டும், போகும்போது தோரோகுஷோவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்குச் சில வாரம் பிடிக்கும், விமான டிக்கெட் போட்ட பிறகு தொடங்கினால் முடியாது. இந்தக் கடையில் அந்த விண்ணப்பத்தை அவரே எழுதிக் கொடுக்கிறார், விலையிலேயே அடக்கம். பெயர் மாற்றக் கடிதத்தையும் அவரே என் முன்னால் நிரப்பி, உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி என் கையில் கொடுத்தார், கீழே இறங்கியதும் முதல் தபால்பெட்டியில் போட்டேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கடைக்குப் போகும் முன் ரியோகோகுவில் இருக்கும் வாள் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள், 2018இல் இந்த இடத்துக்கு மாறியது. அங்கே ராணுவ வாள்களைத் தேடிப் போக வேண்டாம், நல்ல அலகு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கத்தான். கண்ணாடிக்கு முன்னால் முழங்காலை மடித்துக் குனிந்து, விளக்கு அலகில் ஓடும் இடத்தைத் தேடிப் பாருங்கள். நியே ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நேற்று அவரிடமிருந்து தொலைபேசி. 97ஆம் வகைக் கடற்படை உறை ஒன்று வந்திருக்கிறதாம், உள்ளே மர அலகுதான், ஆனால் கைக்காப்பும் செப்பாக்களும் ஒரே எண். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், நீலக் குஞ்சம் கட்டிய என் வாளையும் எடுத்து வரச் சொன்னார், புள்ளிகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று. சான்றிதழோடு பையில் வைத்து, பூட்டி, எடுத்துப் போகிறேன்.